வைப்பர் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்: தமிழ் வாகனச் செய்தியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பத்திரிகையிலும் தொலைக்காட்சியிலும் யூடியூபிலும் வண்டிகளைப் பற்றித் தமிழில் எழுதுகிற, பேசுகிற நண்பர்களுக்கு வணக்கம்.

டெல்லியில் வாகனக் கண்காட்சி என்று அறிவித்துவிட்டால் போதும், நம் வாட்ஸ்அப் குழுக்கள் களைகட்டிவிடும். யாருக்கு மீடியா பாஸ் வந்தது, யாரை எந்த நிறுவனம் கூட்டிப்போகிறது, எந்த ஓட்டலில் தங்கல், ஸ்வெட்டர் எவ்வளவு தடிமனாக வேண்டும் என்று பேச்சு ஓடும். அங்கே போய் என்ன செய்யப்போகிறோம் என்பதை மட்டும் யாரும் பேசுவதில்லை. அதைப் பேசத்தான் இந்த மடல்.

என் கோரிக்கை ஒன்றுதான். செய்தியாளர்களுக்கு மட்டும் திறந்துவிடும் பிரஸ் டே அன்று நீங்கள் காட்டுகிற ஒவ்வொரு வண்டியும் வெறும் கனவா, வரப்போகிறதா, இல்லை விலை அறிவித்து விற்பனைக்கே வந்துவிட்டதா என்பதை முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். 'வேற லெவல்', 'தரமான சம்பவம்' எல்லாம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், நம் பேச்சைக் கேட்டு வண்டி வாங்குவதையே தள்ளிப்போடுகிறவர்கள் இருக்கிறார்கள். பழைய காரை நல்ல விலைக்குக் கொடுத்துவிட்டு, "எக்ஸ்போவுல காட்டினாங்களே, அது வரட்டும் சார்" என்று மாதக்கணக்கில் பஸ்ஸில் போய்வருகிற ஆளை எனக்குத் தெரியும். உங்களுக்கும் இப்படி நாலு பேரைத் தெரிந்திருக்கும். மேடையில் துணி விலகிய அந்த நொடியில் நாம் போட்ட கூச்சல்தான் அவரைக் காத்திருக்க வைத்தது. நிறுவனத்துக்காரர் கூச்சல் போடுவது அவர் வேலை, அதற்கு அவருக்குச் சம்பளம். நமக்கு என்ன அவசியம்?

2020 பிப்ரவரியை நினைத்துப் பாருங்கள். கிரேட்டர் நொய்டாவில் இந்தியா எக்ஸ்போ மார்ட்டில் அந்த முறை சீனாவின் கிரேட் வால் மோட்டார்ஸ் பெரிய அரங்கம் போட்டிருந்தது. ஹவால் எஸ்யூவிகள் ஒரு பக்கம், ஓரா ஆர்1 என்ற குட்டி மின்சாரக் கார் இன்னொரு பக்கம். 100 கோடி டாலர் முதலீடு, புனே அருகே தலேகாவில் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையை வாங்க ஒப்பந்தம் என்று கையில் காகிதமும் வைத்திருந்தார்கள். நம் ஆட்கள் பலர் 'ஹவால் வந்தாச்சு' என்றே தலைப்புப் போட்டார்கள். இரண்டே மாதத்தில், நில எல்லையைப் பகிர்ந்துகொள்ளும் நாடுகளிலிருந்து வரும் முதலீட்டுக்கு மத்திய அரசின் முன் அனுமதி கட்டாயம் என்று விதி வந்தது. ஜூனில் சீன எல்லையில் கல்வான் மோதல். அனுமதி வரவே இல்லை. 2022 நடுவில் கிரேட் வால் கடையைக் கட்டியது, அடுத்த ஆண்டு அந்த ஆலையை வாங்க ஹூண்டாய் ஒப்பந்தம் போட்டது. ஒரு ஹவால்கூட இங்கே ஷோரூமுக்கு வரவில்லை.

எல்லையில் நடக்கப்போவதைப் பிரஸ் டே அன்று யாரும் கணித்திருக்க முடியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஆலை இன்னும் கைமாறவில்லை, அரசு ஒப்புதல்கள் வர வேண்டியிருக்கிறது என்பது அப்போதே அறிவிப்பில் இருந்த விஷயம். அந்த ஒரு வரியைச் சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

டாடா சியராவின் கதை வேறு மாதிரி. அதே 2020 கண்காட்சியில் பழைய சியராவின் அந்தப் பெரிய பக்கக் கண்ணாடியை நினைவுபடுத்தும் வடிவத்தில் ஒரு மின்சார கான்செப்ட்டை, அதாவது விற்பனைக்கு அல்லாத மாதிரி வண்டியை, நிறுத்தினார்கள். பார்த்தவர்களெல்லாம் சொக்கிப்போனார்கள், எனக்கும் பிடித்திருந்தது. 2023இல் நாலு கதவோடு மறுபடி வந்தது. 2025 ஜனவரியில் டெல்லி பிரகதி மைதானத்தின் பாரத் மண்டபத்தில் கிட்டத்தட்டக் கடைக்கு வரும் வடிவில் வந்தது. கடைசியில் அந்த ஆண்டு நவம்பரில் 11.49 லட்ச ரூபாய் ஆரம்ப விலையில் விற்பனைக்கு வந்தபோது அது பெட்ரோல், டீசல் வண்டி. முதலில் காட்டியது மின்சாரம், முதலில் வந்தது எரிபொருள், நடுவே ஐந்தரை ஆண்டுக்கு மேல். காத்திருந்தவருக்கு வண்டி கிடைத்துவிட்டதுதான். ஆனால் 2020இல் பிளஸ் டூ படித்துக்கொண்டிருந்த பையன் அதற்குள் வேலைக்கே போயிருப்பான்.

கான்செப்ட் என்றாலே ஏமாற்று என்று சொல்லவரவில்லை. 2018இல் கியா காட்டிய எஸ்பி கான்செப்ட் அடுத்த ஆண்டு ஆகஸ்டிலேயே செல்டாஸாக வந்தது. டாடாவின் எச்5எக்ஸ் ஹேரியராகவும் 45எக்ஸ் அல்ட்ரோஸாகவும் வந்தன, தோற்றத்தில் பெரிய சேதாரம் இல்லாமல். அதே 2018இல் டாடா அரங்கில் நின்ற ரேஸ்மோ என்ற இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் மட்டும் வரவே இல்லை. ஒரே அரங்கம், ஒரே விளக்கு, ஒரே நிறுவனம், மூன்றில் ஒன்று காணாமல் போயிற்று. எது வரும் எது வராது என்று தரம் பிரித்துச் சொல்லத்தான் நமக்குப் பாஸ் கொடுத்து, பொதுமக்களுக்கு முன்னாலேயே உள்ளே விடுகிறார்கள்.

சரி, எப்படித் தரம் பிரிப்பது? பத்திரிகைக் குறிப்பைப் படிப்பதற்கு முன்னால் வண்டியைச் சுற்றி ஒரு நடை போங்கள். முன்கண்ணாடியின் அடியில் வைப்பர் இருக்கிறதா? கனவு வண்டிகளில் பெரும்பாலும் இருக்காது, அழகைக் கெடுக்கும் என்று டிசைனர் விட்டுவிடுவார். மழைக்கு ஓட்டப்போவதில்லையே. பக்கவாட்டில் கண்ணாடிக்குப் பதில் குச்சி மாதிரி கேமரா நீட்டிக்கொண்டிருந்தால் அதுவும் ஒரு சமிக்ஞை. நம்பர் பிளேட்டுக்கு இடமும் அதன் மேல் குட்டி விளக்கும் இருக்கிறதா, கதவுக் கண்ணாடியின் மூலையில் ஐஎஸ்ஐ முத்திரை பொறித்திருக்கிறதா, பின் சீட்டில் பெல்ட் உண்டா, பானெட்டில் தண்ணீர் பீய்ச்சும் துளை உண்டா என்று பாருங்கள். இதெல்லாம் சட்டம் கேட்பவை, இல்லையென்றால் வாங்குகிறவர் கேட்பவை. இவை வந்துவிட்டால் வண்டி ஆலையை நெருங்கிவிட்டது என்று பொருள். கண்ணாடி கன்னங்கரேலென்று இருந்து கதவும் பூட்டியிருந்தால், உள்ளே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை.

ஒருமுறை ஓர் அரங்கில் நான் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செல்போனைத் தவறவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு, அங்கே வேலைக்கு நின்ற பையன் ஓடிவந்து தன் போன் டார்ச்சை அடித்தான். வெளிச்சத்தில் நன்றாகத் தெரிந்தது: சதுர இரும்புக் குழாயில் வெல்டு அடித்த சட்டம், அதன் மேல் பிளைவுட், ஓர் ஓரத்தில் விளக்குகள் எரிவதற்காக ஒரு சாதாரண பேட்டரி. சஸ்பென்ஷன் என்று ஒன்று இல்லை, சக்கரங்கள் சட்டத்தோடு இறுக்கப்பட்டிருந்தன. மேலே திரையில் அதே வண்டி பனிமலையில் பறந்துகொண்டிருந்தது. "போன் கெடச்சுதா சார்?" என்ற பொருளில் அந்தப் பையன் இந்தியில் கேட்டான். எனக்குச் செய்தியே கிடைத்துவிட்டது, அவனுக்கு டீ வாங்கிக் கொடுத்தேன்.

அரங்கில் எழும் சத்தத்தை வைத்து விற்பனையைக் கணிக்கிற பழக்கம் ஒன்று நம்மிடம் இருக்கிறது, அதையும் விட்டுவிடலாம். 2023 ஜனவரி 12 அன்று மாருதி ஒரே மேடையில் இரண்டு வண்டிகளைக் காட்டியது. ஐந்து கதவு ஜிம்னி ஒன்று, ஃப்ராங்க்ஸ் ஒன்று. ஜிம்னியைச் சுற்றி ஈ மொய்ப்பது போலக் கூட்டம். பக்கத்தில் ஃப்ராங்க்ஸ் சும்மா நின்றது, 'பலேனோவைக் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கிறார்கள்' என்று இரண்டு வரியில் முடித்துக்கொண்டவர்கள்தான் அதிகம். அப்புறம் என்ன ஆயிற்று? ஃப்ராங்க்ஸ் பத்து மாதத்தில் ஒரு லட்சம் விற்றது. ஜூனில் 12.74 லட்சத்தில் தொடங்கிய ஜிம்னிக்கு அதே டிசம்பரில் சிறப்புப் பதிப்பு என்ற பெயரில் இரண்டு லட்சம் குறைக்க வேண்டிவந்தது. இதில் வேடிக்கை, குருகிராமில் செய்கிற அதே ஐந்து கதவு ஜிம்னியை 2025 ஜனவரி கடைசியில் ஜப்பானில் அறிமுகப்படுத்தியபோது நாலைந்து நாளில் ஐம்பதாயிரம் பேர் பதிவு செய்து, பதிவையே நிறுத்தும்படி ஆகிவிட்டது. வண்டி நல்ல வண்டிதான், இங்கே குடும்பத்தோடு போகிறவரின் கணக்கில் உட்காரவில்லை. பின் சீட்டில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை, ஜிம்னி அதிகாரபூர்வமாகவே நாலு பேர் வண்டி. இதைக் கண்டுபிடிக்க விற்பனைப் புள்ளிவிவரம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. பிரஸ் டே அன்றே பின்னால் ஏறி உட்கார்ந்து, சீட் பெல்ட்டை எண்ணியிருந்தால் போதும்.

என்னைக் கேட்டால், கண்காட்சியின் பெரிய பயனே இந்த உட்கார்ந்து பார்க்கிற வசதிதான். மற்றவை எல்லாம் இப்போது வீட்டிலிருந்தே கிடைக்கின்றன. மேடை நிகழ்ச்சி நேரலையில் வருகிறது, படங்கள் மின்னஞ்சலில் வருகின்றன. பெரிய நிறுவனங்கள் முக்கியமான வண்டியைக் கண்காட்சிக்கென்று ஒதுக்கி வைப்பதும் குறைந்துவிட்டது. மஹிந்திரா 2023 கண்காட்சிக்கு வரவில்லை, ஸ்கோடாவும் ஃபோக்ஸ்வாகனும் வரவில்லை. மஹிந்திரா தன் பிஇ, எக்ஸ்இவி மின்சார வண்டிகளை 2024 நவம்பரில் நம் சென்னையில் தனி விழா வைத்துக் காட்டியது. ஜெனீவா கண்காட்சியோ 2024க்குப் பிறகு அந்த ஊரில் இனி கிடையாது என்று மூடியே விட்டார்கள். 1986இல் பிரகதி மைதானத்தில் முதல் ஆட்டோ எக்ஸ்போ நடந்தபோது வெளிநாட்டு வண்டியைக் கண்ணால் பார்ப்பதே அதிசயம். 2008 ஜனவரி 10 அன்று அதே பிரகதி மைதானத்தில் ரத்தன் டாடா நானோவோடு வந்து நின்றபோது உலகமே அந்த மேடையைப் பார்த்தது. அந்தக் காலம் போய்விட்டது.

(நானோவின் அந்த ஒரு லட்ச ரூபாய்கூட டீலர் விலை. வாட் வரியும் போக்குவரத்துச் செலவும் தனி என்று அன்றே சொன்னார்கள். எத்தனை பேர் அதை எழுதினோம் என்று பழைய நாளிதழ்களைப் புரட்டினால் தெரியும்.)

ஆனால் போட்டி வண்டிகள் எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே, அரைமணி நேர நடைக்குள் நிற்பது இன்றைக்கும் கண்காட்சியில்தான். சென்னையில் நாலு ஷோரூம் ஏறி இறங்க ஒரு சனி, ஞாயிறு போய்விடும். ஆகவே பையில் ஒரு டேப் வைத்துக்கொள்ளுங்கள், தையல்காரர் டேப்பே போதும். முன் சீட்டை உங்கள் உயரத்துக்குச் சரிசெய்துவிட்டுப் பின்னால் போய் உட்கார்ந்து, முழங்காலுக்கு முன்னால் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து பாருங்கள். டிக்கியின் விளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், அறுபது வயது அம்மா கதவைத் திறந்து ஏறுவதற்கு எவ்வளவு உயரம் காலைத் தூக்க வேண்டும் என்று பாருங்கள். இதை நாலு போட்டி வண்டிகளில் செய்து ஓர் அட்டவணை போட்டீர்களானால், மேடையில் நடிகர் வந்து கையசைத்த காட்சியைவிட அது நம் மக்களுக்கு உதவும். அதை வேறு எந்த மொழிக்காரரும் செய்வதாகவும் தெரியவில்லை.

விலைக்கு வருவோம். மேடையில் சொல்வது எக்ஸ் ஷோரூம் விலை, அதாவது சாலை வரியும் காப்பீடும் சேராத விலை. நாமும் அதையே பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறோம். தமிழ்நாட்டில் 2023 நவம்பரில் சாலை வரி ஏறியதிலிருந்து 10 லட்சத்துக்கு மேல் 20 லட்சம் வரையுள்ள பெட்ரோல், டீசல் கார்களுக்கு வரி 18 சதவீதம், 20 லட்சத்தைத் தாண்டினால் 20 சதவீதம். 12 லட்சத்துக் காருக்குச் சாலை வரியே இரண்டு லட்சத்துக்கு மேல் போகிறது, காப்பீடு அதற்கு மேல். டெல்லி மேடையில் 'அடேங்கப்பா, இவ்வளவு குறைவா' என்று நாம் வாயைப் பிளப்பதற்கு முன்னால் கால்குலேட்டரில் ஒரு பெருக்கல் போடலாம். அப்புறம், ஆரம்ப விலை எந்த வேரியன்ட்டுக்கு, அதில் பின் வைப்பர், பின் ஏசி துவாரம் உண்டா, இது அறிமுக விலை என்றால் எதுவரைக்கும் என்று கேளுங்கள்.

மின்சார வண்டி என்றால் கிலோமீட்டர் கணக்கு. 2025 ஜனவரி 17 அன்று ஹூண்டாய் கிரெட்டா எலெக்ட்ரிக்கை 17.99 லட்சத்தில் அறிமுகப்படுத்தியது, 51.4 கிலோவாட் மணி பேட்டரிக்கு 473 கிலோமீட்டர் என்றது. 17.99 லட்சம் என்பது சின்ன பேட்டரி வண்டியின் விலை, 473 என்பது பெரிய பேட்டரி வண்டியின் தூரம். இரண்டையும் ஒரே வாக்கியத்தில் சேர்த்துச் சொன்னால் கேட்பவர் என்ன நினைப்பார்? 473 என்பது சோதனைக்கூடத்துக் கணக்கு வேறு. டாடா 2024 ஆகஸ்டில் கர்வ் மின்சார வண்டியைக் கொண்டுவந்தபோது 585 என்ற சான்றிதழ் எண்ணோடு கூடவே, நடைமுறையில் 400 முதல் 425 வரை எதிர்பார்க்கலாம் என்று தானே சொன்னது. நிறுவனமே ஒத்துக்கொள்கிற இடைவெளியை நாம் மறைப்பானேன்? எந்தச் சோதனை முறையில் இந்த எண், ஏசி போட்டு நெடுஞ்சாலையில் நூறில் போனால் எவ்வளவு, வீட்டில் மாட்டும் சார்ஜர் விலைக்குள் வருமா, தனியா என்று மூன்று கேள்விகள் கையில் தயாராக இருக்கட்டும். பாதுகாப்பிலும் இதே கதைதான். 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் மோதல் சோதனை நடைமுறையில் இருக்கிறது. 'ஐந்து நட்சத்திரத்துக்கு வடிவமைக்கப்பட்டது' என்று பலகை இருந்தால், சோதனை முடிந்து முடிவு வந்துவிட்டதா என்று கேளுங்கள். ஆம், இல்லை என்று பதில் வர வேண்டிய கேள்வி அது.

யாரிடம் கேட்பது என்பதும் முக்கியம். மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கும் நிர்வாகியிடம் கேட்டால் 'காத்திருங்கள், விரைவில் அறிவிப்போம்' என்பார். அரங்கத்தின் பின்பக்கம், சாதாரணச் சட்டையும் பேட்ஜுமாகச் சுவரோரம் நிற்கிறவர்களைப் பாருங்கள், அவர்கள்தான் பொறியாளர்கள். அவர்களில் நம் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். மஹிந்திராவின் ஆராய்ச்சி மையம் செங்கல்பட்டுப் பக்கம், ரெனோ நிஸானின் தொழில்நுட்ப மையம் சென்னையில், அசோக் லேலண்டும் ராயல் என்ஃபீல்டும் டிவிஎஸ்ஸும் நம்முடையவை. இங்கிலீஷில் கேட்டால் பத்திரிகைக் குறிப்பையே ஒப்பிப்பார்கள். "நீங்க எந்த ஊரு?" என்று ஆரம்பித்துப் பாருங்கள். தேனிப் பக்கத்துக்காரர் ஒருவர் எனக்கு ஒரு கதவின் ரப்பர் பீடிங்கைத் தொட்டுக் காட்டி, தூசி உள்ளே வராமல் இருக்க அதன் வளைவை எத்தனை தடவை மாற்றினார்கள் என்று கால் மணி நேரம் சொன்னார். புழுதியில் சோதனை ஓட்டம் போய்விட்டு வந்து டிக்கியைத் திறந்து, உள்ளே விரலால் கோடு போட்டுப் பார்ப்பார்களாம். அந்தக் கோடு தெரியாமல் போகிறவரை பீடிங் மாறிக்கொண்டே இருக்குமாம். எந்தப் பிரஸ் கிட்டிலும் இது கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை: வெளியே சொல்லக்கூடாததை அவர் வாய்தவறிச் சொல்லிவிட்டால் அவர் வேலைக்கு உலை வைக்காதீர்கள்.

அப்புறம் உதிரிபாகக் கண்காட்சி. இதை நாம் கிட்டத்தட்ட மொத்தமாகவே கைவிட்டுவிட்டோம், எனக்கு இதில்தான் வருத்தம் அதிகம். 2025இல் கார்களும் பைக்குகளும் பாரத் மண்டபத்தில், உதிரிபாகங்கள் துவாரகாவின் யசோபூமியில், கட்டுமான இயந்திரங்கள் கிரேட்டர் நொய்டாவில் என்று டெல்லியின் மூன்று மூலைகளில் வைத்தார்கள். அலைச்சல்தான், மறுக்கவில்லை. ஆனால் பாரத் மண்டபத்தின் வாசலில் இருக்கிற சுப்ரீம் கோர்ட் நிலையத்தில் நீல லைன் மெட்ரோ ஏறினால் துவாரகா செக்டர் 21. அங்கே ஏர்போர்ட் லைனுக்கு மாறினால் அடுத்தது யசோபூமி வாசல். ஊடகநாள் முடிந்த மறுநாள், நம் ஆட்கள் கரோல் பாகில் ஸ்வெட்டர் பேரம் பேசிக்கொண்டிருக்கும் நேரத்தில் போய்விட்டு வந்துவிடலாம்.

ஏன் போக வேண்டும் என்று கேட்கிறீர்களா? பாடி, அம்பத்தூர், ஓசூர், கோயம்புத்தூர். நம் வாசகர்களில், பார்வையாளர்களில் எத்தனை பேர் வீட்டில் ஒருவராவது இந்த ஊர்களில் லேத்திலோ பிரஸ் ஷாப்பிலோ பவுண்டரியிலோ வேலை பார்க்கிறார்! பெட்ரோல் என்ஜினுக்கு பிஸ்டன், வால்வு, கேஸ்கெட், எரிபொருள் பம்ப், எக்ஸாஸ்ட் குழாய் என்று எத்தனையோ வேண்டும். மின்சார மோட்டாருக்கு இவற்றில் ஒன்றும் வேண்டாம். மேடையில் நாம் கைதட்டுகிற ஒவ்வொரு மின்சார வண்டிக்கும் பின்னால், கோவையில் ஒரு சின்னப் பட்டறைக்காரர் அடுத்து எதைக் கடைந்து பிழைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்தப் பட்டறைக்காரருக்கு ஆர்டர் கொடுக்கும் பெரிய உதிரிபாக நிறுவனங்களின் ஆட்கள் யசோபூமியில் ஸ்டால் போட்டு, கேட்க ஆளில்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். மோட்டார் உறை, பேட்டரிப் பெட்டி, குளிர்விக்கும் தகடு என்று யார் எதற்கு மாறுகிறார்கள், யார் மாற முடியாமல் திணறுகிறார்கள் என்பது இந்தியில் வராது, ஆங்கிலத்தில் வணிகப் பக்கத்தில் ஒரு மூலையில் வரும். தமிழில் வந்தால் படிக்க ஒரு ஊரே காத்திருக்கிறது.

இனி கொஞ்சம் சங்கடமான விஷயம். விமான டிக்கெட்டும் ஓட்டல் அறையும் நிறுவனம் கொடுத்தால் வாங்கிக்கொள்ளாதீர்கள் என்று உபதேசம் செய்ய மாட்டேன். சின்னப் பத்திரிகைக்கும் தனியாக யூடியூப் நடத்துகிறவருக்கும் ஜனவரி மாதத்து டெல்லி டிக்கெட் விலை எனக்குத் தெரியும், பொங்கலை ஒட்டி வந்தால் கேட்கவே வேண்டாம். 2023இல் ஊடகநாட்கள் பொங்கலுக்கு மூன்று நாள் முன்னால், 2025இல் காணும் பொங்கலுக்கு மறுநாள். தேதி குறிக்கிறவர்கள் நம் காலண்டரைப் பார்ப்பதாகத் தெரியவில்லை. ஆனால் யார் செலவில் வந்தோம் என்பதைச் சொல்லிவிட வேண்டும். இது நாகரிகம் மட்டுமில்லை, சட்டமும்கூட. 2023 ஜனவரியில் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை வெளியிட்ட வழிகாட்டுதலில், பணம் மட்டுமல்ல, இலவசப் பயணம், ஓட்டல் தங்கல், பரிசு எல்லாமே தெரிவிக்க வேண்டிய தொடர்பு என்று இருக்கிறது. மீறினால் 10 லட்சம் வரை அபராதம், மறுபடி மீறினால் 50 லட்சம் வரை. 'இந்தப் பயணச் செலவு இன்ன நிறுவனத்துடையது' என்று ஆரம்பத்திலேயே ஒரு வரி. அதைச் சொன்னதால் யாருடைய சேனலும் மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

பரிசுப் பைக்கு வரிசையில் நிற்பதைப் பற்றி எழுதத்தான் நினைத்தேன், விட்டுவிடுகிறேன். ஆனால் வண்டிக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு கதவைச் சாத்தி இருபது நிமிடம் வீடியோ எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வெளியே கண்ணாடியைத் தட்டிக்கொண்டு நிற்பவர் போட்டியாளர் மட்டுமல்ல, நாளைக்கு உங்கள் மெமரி கார்டு நிரம்பினால் கடன் கொடுக்கப்போகிறவர். 2023இல் பிரஸ் டே இரண்டு நாள். 2025இல் பிரதமர் வந்து தொடங்கிவைத்த அதே ஒரு நாள்தான். மேடை நிகழ்ச்சிகள் ஒன்றன் வால் பிடித்து இன்னொன்று. ஒரு ஹாலில் துணி விலகும்போது அடுத்த ஹாலில் கவுன்ட்டவுன் ஓடுகிறது. இந்த நெருக்கடியில் ஆளுக்கு ஐந்து நிமிடம் என்று நமக்குள்ளேயே பேசி வைத்துக்கொண்டால் என்ன? இன்னும் ஒரு படி மேலே போய், மேடை நிகழ்ச்சிகளை நமக்குள் பங்கு போட்டுக்கொள்ளலாம். எல்லாரும் ஒரே நடிகரைப் படம் பிடித்து ஒரே காட்சியைப் போடுவதற்கு, ஒருவர் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டால், மிச்சப் பேர் டேப்போடு பின் சீட்டில் உட்காரலாம். கேமராவை வண்டிக்குப் பக்கத்தில் நிற்கும் பெண்ணின் பக்கம் திருப்புகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அவர்களுக்கு வைப்பர் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன.

கடைசியாக ஒரு வேலை. போன கண்காட்சியில் நீங்கள் போட்ட வீடியோக்களை, எழுதிய பக்கங்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வந்த ஒவ்வொரு வண்டியும் இப்போது எங்கே இருக்கிறது என்று ஒரு பட்டியல் போடுங்கள். 2023இல் மாருதி இவிஎக்ஸ் என்று காட்டியது 2025இல் இ-விட்டாராவாக வந்து நின்றது. அந்த ஆண்டு ஆகஸ்ட் 26 அன்றுதான் ஹன்சல்பூர் ஆலையிலிருந்து அதன் ஏற்றுமதியைத் தொடங்கிவைத்தார்கள். வின்ஃபாஸ்ட் காட்டிய விஎஃப்6, விஎஃப்7 இரண்டும் அதே ஆகஸ்டில் திறந்த தூத்துக்குடி ஆலையிலிருந்து வருகின்றன. அங்கே வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகளிடம் போய்ப் பேசலாம், விமான டிக்கெட்கூட வேண்டாம். டிவிஎஸ் சிஎன்ஜி ஜூபிடரை நிறுத்தியிருந்தது நினைவிருக்கும், சீட்டுக்கு அடியில் ஹெல்மெட் வைக்கிற இடத்தில் சிலிண்டர் உட்கார்ந்திருந்ததே, அதுதான். அது என்ன நிலையில் இருக்கிறது என்று ஓசூருக்கு ஒரு போன் போட்டுக் கேளுங்கள். வந்தவை, வராதவை, தோற்றம் மாறி வந்தவை, சொன்ன விலையைத் தாண்டி வந்தவை என்று பிரித்து அந்தப் பட்டியலை முதலில் வெளியிடுங்கள். அடுத்த கண்காட்சிக்குப் பாஸ் கேட்டு விண்ணப்பம் போடுவதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்களோடு அதே வரிசையில் நிற்கும் ஒருவன்